கடல் இல்லாத ஊரிலிருந்து நெடுங்கடலுக்கு: பாய்மரப் படகைத் தயார் செய்யும் வரிசை

இராணிப்பேட்டையிலிருந்து சென்னைத் துறைமுகம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். படகு அங்கே, நாங்கள் இங்கே. மூன்று நண்பர்கள் கூட்டாக வாங்கிய 34 அடிப் பாய்மரப் படகு அது. அதில் போர்ட் பிளேருக்குப் போய்த் திரும்பிய பிறகு, எங்களைப் போலவே வார இறுதியில் மட்டும் கடலைப் பார்க்கிற இரண்டு குழுவினருக்கு அவர்கள் படகைத் தயார் செய்யக் கூடவே இருந்து உதவினேன். எல்லோரும் தடுமாறியது ஒரே இடத்தில்தான்: எதை முதலில் செய்வது என்பதில்.

பெரும்பாலும் முதலில் வாங்குவது வரைபடத் திரை. அப்புறம் சோலார் தகடு, அப்புறம் தானியங்கிச் சுக்கான். பணமெல்லாம் தீர்ந்த பிறகு படகைக் கரையேற்றிப் பார்த்தால், அடியில் இருக்கிற வால்வு கையோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது.

நான் சொல்கிற வரிசை வேறு. தண்ணீர் உள்ளே வரக் கூடாது. பாய்மரம் சாயக் கூடாது. ஆள் வெளியே விழக் கூடாது. இந்த மூன்றும் உறுதியான பிறகே மற்ற எல்லாம். கீழே உள்ள கணக்குகள் சென்னை–போர்ட் பிளேர் வழிக்கானவை. நேர்கோட்டில் சுமார் 735 கடல் மைல். சராசரி 5 நாட், அதாவது மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் ஆறு நாளுக்குச் சற்று மேல்.

1. கிளம்பும் நாளை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள்

வங்கக் கடலில் புயல் இரண்டு பருவங்களில் வரும்: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. 2016 டிசம்பரில் வர்தா புயல் அந்தமானில் மழையைக் கொட்டிவிட்டு, 12ஆம் தேதி சென்னையைக் கடந்தது. நாம் போக நினைக்கிற வழியிலேயே எதிரில் வந்த புயல் அது.

ஆகவே கிளம்ப நல்ல காலம் ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. இதை நடுவில் வைத்துக்கொண்டு பின்னால் எண்ணுங்கள். ஜூலை, ஆகஸ்டில் கரையேற்றம். செப்டம்பரில் பாய்மரம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை படகைத் துறைமுகத்தில் இரட்டைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, வீட்டில் செய்யக்கூடிய வேலைகள். ஜனவரி தொடக்கத்தில் ஒத்திகை.

ஒரு வருடம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. "லீவு போட்டாச்சு" என்ற ஒரே காரணத்துக்காக மார்ச் கடைசியில் கிளம்பாதீர்கள்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கனமான நோட்டு. படகின் மேல்பார்வைப் படம் ஒன்றைக் கையால் வரைந்து, அதில் எல்லா அடித்துளைகளையும் (படகின் உடலில் தண்ணீர் போய்வர விட்ட துளைகள்) வால்வுகளையும் பம்புகளையும் தீயணைப்பான்களையும் குறியுங்கள். இதைச் சட்டம் போட்டுப் படகுக்குள் ஒட்ட வேண்டும். இரவில் தண்ணீர் ஏறும்போது, தூக்கத்திலிருந்து எழுந்தவர் வால்வைத் தேடக் கூடாது.

அடுத்து, வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள்: கழற்றி ஊருக்குக் கொண்டுவரக் கூடியவை, படகிலேயே செய்ய வேண்டியவை. கடலிலிருந்து தள்ளியிருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். சனிக்கிழமை காலை துறைமுகம் போய்ச் சேர்ந்து, ஒரு அளவு நட்டு இல்லாமல் அந்த வாரமே வீணாகிப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டின் அளவையும் நோட்டில் எழுதுங்கள். சிப்காட் சுற்றிலும் இருக்கிற கடைகளில் 316 வகை ஸ்டெயின்லெஸ் போல்ட் கிடைக்கும். ஆனால் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் 304 கைக்கு வரும், உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் துரு காட்டும்.

3. கரையேற்றம்: அடித்துளை, வால்வு, குழாய்

படகைக் கிரேனில் தூக்கி நிறுத்திய முதல் நாளே எல்லா அடித்துளை வால்வுகளையும் திறந்து மூடிப் பாருங்கள். இறுகிப்போனதைப் பலம் கொண்டு திருகாதீர்கள், கழற்றிவிடுங்கள்.

வால்வின் உலோகத்தைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் நிறம் பளிச்சென்று வந்தால் நல்லது. செம்பு நிறமாக, இளஞ்சிவப்பாக வந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய்விட்டது என்று அர்த்தம். பார்க்க முழுதாக இருக்கும், ஒரு தட்டுத் தட்டினால் பொரபொரவென்று உடையும். வீட்டுக் குழாய்க்கு வாங்குகிற பித்தளை வால்வைப் படகின் அடியில் போடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். வெண்கலம், அல்லது கடலுக்கென்றே செய்த கலவைப் பிளாஸ்டிக் வால்வு மட்டும் போடுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஒன்றரை அங்குலத் துளை ஒன்று திறந்தால், வீட்டில் வாங்குகிற 20 லிட்டர் தண்ணீர் கேன் பத்து விநாடிக்குள் நிரம்பும் வேகத்தில் தண்ணீர் வரும். சிறிய மின்பம்பு அதற்கு ஈடு கொடுக்காது.

ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில், அதன் அளவுக்குக் கடைந்த மென்மரக் கூம்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள். பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். குழாய்க்கு இரண்டு ஹோஸ் கிளிப் போடுங்கள். இரண்டின் திருகும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கட்டும்.

புதியவர்கள் பலரும் தவற விடுவது ஒன்று உண்டு. பிப்ரவரியில் சென்னையிலிருந்து கிழக்கே போகும்போது காற்று வடகிழக்கிலிருந்து, அதாவது இடது முன்பக்கத்திலிருந்து வரும். படகு ஆறு நாளும் வலப்பக்கம் சாய்ந்தே ஓடும். துறைமுகத்தில் நீருக்கு மேலே இருக்கிற வலப்பக்கத் துளைகள் கடலில் நீருக்குள் இருக்கும். பம்பு வெளியே தள்ளுகிற குழாய் அந்தப் பக்கம் இருந்தால் கடல் நீர் அதே வழியாகத் திரும்பி உள்ளே வரும். அந்தக் குழாயை மேல்தளத்தின் அடிவரை உயர்த்தி வளைத்து, உச்சியில் காற்று வால்வு வையுங்கள். சமையலறைத் தொட்டியின் வடிகால் வலப்பக்கம் இருந்தால், பயன்படுத்தாத நேரம் முழுக்க அதை மூடி வையுங்கள்.

கைப்பம்பு ஒன்று கட்டாயம். சுக்கான் பிடிப்பவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அடிக்க முடிய வேண்டும்.

4. கரையில் இருக்கும்போதே சுக்கான்

சுக்கான் பலகையின் அடிமுனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பலகையின் அடியில் நீர் சொட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே ஈரம் ஏறி, உள் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். இரண்டையும் நீரில் இறக்கிய பிறகு சரிசெய்ய முடியாது. அதனால்தான் இது கரையேற்றத்தோடு சேர்கிறது.

சக்கரம் வைத்த படகானால் அவசரக் கைப்பிடியை ஒரு முறையாவது மாட்டி, துறைமுகத்துக்கு வெளியே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நான் உதவிய ஒரு படகில் அந்தக் கைப்பிடி பொருந்தியது, ஆனால் திருப்பினால் இருக்கையில் இடித்தது. வாங்கிய நாள் முதல் யாரும் அதை மாட்டிப் பார்க்கவே இல்லை. கைப்பிடியை இராணிப்பேட்டைக்குக் கொண்டுவந்து வளைத்து வெல்டு செய்து ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்தோம்.

5. பாய்மரமும் அதைத் தாங்கும் கம்பிகளும்

முடிந்தால் மரத்தைப் படகிலிருந்து இறக்குங்கள். நின்ற நிலையில் ஏறிப் பார்த்தால் பாதிதான் தெரியும்.

முதலில் கம்பிகள். பழைய பருத்தித் துணியைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழ்வரை இழுங்கள். துணி ஓர் இடத்தில் மாட்டினால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. ஓர் இழை அறுந்தாலும் அந்தக் கம்பி முழுவதையும் மாற்றுங்கள். கம்பிகளுக்குப் பத்து வயதைத் தாண்டியிருந்தால், அல்லது வயதே தெரியாவிட்டால், நெடும்பயணத்துக்கு முன் எல்லாவற்றையும் மாற்றுவதுதான் என் கருத்து. விலை அதிகம்தான். வரைபடத் திரையை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

அடுத்தது செயின் பிளேட். கம்பியின் சுமையைப் படகின் உடற்பகுதிக்குக் கடத்துகிற பட்டை இது. மேல்தளத்தை ஊடுருவிப் போகிற இடத்தில்தான் கெடும். அந்த இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கும், காற்று போகாது. ஸ்டெயின்லெஸ் காற்றோட்டம் இல்லாத ஈரத்தில்தான் அரிக்கும். மேலேயும் கீழேயும் பளபளவென்று இருக்கும், நடு அங்குலத்தில் விரிசல் ஓடியிருக்கும்.

என் பிழைப்பு வெல்டிங் ஆய்வு என்பதால் இங்கே எங்களுக்கு ஒரு வசதி. பாய்லர் பாகங்களில் சாயத்தை ஊற விட்டு விரிசல் தேடுகிற டி.பி. சோதனையை அப்படியே இதற்கும் செய்யலாம். பட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து, கரைப்பான் போட்டு எண்ணெய்ப் பசை இல்லாமல் துடையுங்கள். சிவப்புத் திரவத்தை அடித்துப் பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு கரைப்பானைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். நேராகப் பட்டையின் மேல் அடித்தால் விரிசலுக்குள் போன மையும் கழுவிக்கொண்டு போய்விடும். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் இந்தத் தவறைச் செய்கிறார்கள். கடைசியாக வெள்ளை டெவலப்பரை மெல்லிய படலமாக அடித்துக் காத்திருங்கள்.

எங்கள் படகின் ஆறு பட்டைகளில் ஐந்து வெள்ளையாகவே இருந்தன. ஆறாவதில் போல்ட் ஓட்டையின் ஓரத்திலிருந்து தலைமுடி போல ஒரு சிவப்புக் கோடு மெதுவாக வெளியே வந்தது, பிறகு பக்கத்தில் இன்னொன்று. அது வலப்பக்கப் பட்டை. திரும்பி வரும்போது, பின்னாலிருந்து வருகிற காற்றில், சுமை முழுக்க ஏறுகிற பக்கம். அந்தக் கோட்டைப் பார்த்த நாளிலிருந்து, பட்டையைக் கழற்றாமல் நெடும்பயணம் போகிற யாரையும் நான் தடுக்காமல் விட்டதில்லை.

மீண்டும் மாட்டும்போது ஒவ்வொரு பின்னுக்கும், அது கழன்று விடாதபடி, காட்டர் பின் போட்டு, அதன் இரண்டு கால்களையும் லேசாக விரித்து, பாய் கிழியாதபடி டேப் சுற்றுங்கள்.

மரம் முறிந்தால் என்ன செய்வது என்பதும் இந்த வேலையின் பகுதி. 2018 கோல்டன் குளோப் பந்தயத்தில் தென் இந்தியப் பெருங்கடலில் அபிலாஷ் டோமியின் படகு உருண்டு மரம் முறிந்தது; முதுகில் அடிபட்டு அவரால் நகரவே முடியவில்லை. முறிந்த மரம் கம்பியில் தொங்கிக்கொண்டு அலைக்கு அலை படகின் உடலில் இடிக்கும். அதை அறுத்துவிட நல்ல போல்ட் கட்டர் வேண்டும். உங்கள் கம்பியின் அதே கனமுள்ள துண்டு ஒன்றை வெட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

6. பாய்களும் உராய்வும்

பெரிய பாய்க்கு, காற்று கூடும்போது பாயைச் சிறிதாக்க உதவும் மூன்றாவது சுருக்கு வரிசை இல்லாவிட்டால் தைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஓட்டத்துக்கு இரண்டு போதும். கடல் நடுவில் ஒதுங்க இடம் கிடையாது. முன்பக்கத்துக்குச் சிறிய புயல் பாய் ஒன்று. அதைத் துறைமுகத்திலேயே ஏற்றிப் பார்த்து, கயிறு எந்த வழியாக ஓடுகிறது என்று படம் எடுத்து வையுங்கள்.

மணிக்கு ஆயிரம் முறை உரசுகிற கயிறு ஐந்து நாளில் அறுந்துவிடும். பாய் உரசும் இடம், கயிறு கம்பியைத் தொடும் இடம், நங்கூரக் கயிறு விளிம்பைத் தாண்டும் இடம் எல்லாவற்றுக்கும் தோல் உறை போடுங்கள். இதற்கு நம் ஊரை மிஞ்ச முடியாது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் சுமார் 2 மில்லிமீட்டர் கனமுள்ள குரோம் பதனிட்ட தோல் துண்டு சுலபமாகக் கிடைக்கும். தாவரப் பதன் தோல் ஈரத்தில் ஊறிக் காய்ந்ததும் விறைத்து வெடிக்கும், அது வேண்டாம்.

ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைக்கிற ஒருவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். "தோலை நனைச்சு, சுத்தளவுக்கு ஒரு நூல் குறைவா வெட்டுங்கண்ணா. இழுத்துத் தைச்சா காயும்போது தானா இறுகிக்கும்" என்றார். துளையை முதலில் குத்தூசியால் வரிசையாகப் போட்டுவிட்டு, இரண்டு ஊசியில் மெழுகு நூலைக் கோத்து எதிரெதிராகத் தைப்பது அவருடைய முறை. அப்படித் தைத்த உறைகள் போய்வந்த பிறகும் அசையவில்லை. கடலில் பாய் கிழிந்தாலும் இதே தையல்தான் கைகொடுக்கும். ஒட்டுப்போடும் துணி, கனமான பாலியெஸ்டர் நூல், உள்ளங்கைக் கவசம், ஊசி எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள்.

7. ஆள் படகிலேயே இருக்க

இடுப்புக் கயிற்றின் கொக்கியை மாட்டிக்கொண்டு நடக்க, முன்னிருந்து பின்வரை மேல்தளத்தில் இரண்டு பக்கமும் நாடாக் கயிறு கட்டுங்கள். உருண்டைக் கயிறோ இரும்புக் கம்பியோ காலடியில் உருளும். தட்டையான நாடா உருளாது. பின்விளிம்புக்கு ஆறடி முன்னாலேயே அது முடியட்டும். கடைசிவரை போனால், விழுந்தவர் படகுக்குப் பின்னால் இழுபடுவார்.

இடுப்புக் கயிற்றில் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என இரண்டு கிளை இருக்கட்டும். வேலை செய்யும்போது குட்டையானதைத்தான் மாட்ட வேண்டும். கொக்கி எதில் மாட்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். 2017இல் கிளிப்பர் உலகப் பந்தயத்தில் ஒருவருடைய கொக்கி, கயிறு கட்டுகிற தளத்துக் கட்டையின் அடியில் சிக்கி, பக்கவாட்டுச் சுமையில் வளைந்து திறந்து அவர் இறந்தார். நாடாவுக்குப் பக்கத்தில் கொக்கி நுழையக்கூடிய கட்டை எதுவும் இருக்கக் கூடாது.

உயிர்காப்பு மேலங்கியைக் கடையில் போட்டுப் பார்த்துவிட்டு மாட்டி வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. நாங்கள் திமிரி பக்கத்தில் ஒரு நண்பரின் விவசாயக் கிணற்றில் சோதித்தோம். படிக்கட்டு உள்ள கிணறு, மேலே கயிறோடு இரண்டு பேர், தண்ணீருக்குள் நீச்சல் தெரிந்த ஒருவர், இதில்லாமல் செய்யாதீர்கள். முதலில் குதித்த நண்பர் தொடை வாரைப் போடவில்லை. அங்கி ஊதியதும் அது மட்டும் மேலே ஏறி, அவர் முகம் இரண்டு காற்றுப் பைகளுக்கு நடுவில் புதைந்து, மூக்குவரை தண்ணீர். அலையே இல்லாத கிணற்றிலேயே இந்த நிலை. வாரைப் போட்டுக்கொண்டு மறுபடி குதித்தபோது தலை நன்றாக நிமிர்ந்து நின்றது. அன்றைக்குப் பிறகு தொடை வாரை யாரும் மறந்ததில்லை. சோதனைக்குப் பிறகு வாயுக் குப்பியையும் தானியங்கித் திருகையும் புதிதாக மாற்ற வேண்டும். அப்படியே ஒவ்வொருவருக்கும் ஓர் உபரி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, விழுந்தவரைத் தூக்குவது. 80 கிலோ ஆளை, நனைந்த துணியோடு, இரண்டு பேர் கையால் தூக்க முடியாது. நான்கு மடங்குக் கப்பி ஒன்றை வேப்பமரக் கிளையில் கட்டி, ஒருவரை அங்கியோடு தூக்கிப் பாருங்கள். உராய்வோடு சேர்த்துச் சுமார் 30 கிலோ இழுவை வரும். வீட்டில் இருப்பவர்களில் பலம் குறைந்தவரை இழுக்கச் சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால் ஆறு மடங்குக் கப்பி வாங்குங்கள், ஏனென்றால் விழுவது பலசாலியாகவும் இருக்கலாம்.

8. எஞ்சினும் டீசலும்

டீசல் தொட்டியைத் திறந்து கழுவுங்கள். இதை எல்லோரும் தள்ளிப் போடுகிறார்கள், நாங்களும் தள்ளிப் போட்டோம். துறைமுகத்தில் எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. முதல் பயணத்தில், கரையிலிருந்து 18 மைலில், அலை தொட்டியைக் கலக்கியதும் அடியில் படிந்திருந்த கறுப்புக் கசடு எழும்பி வடிகட்டியை அடைத்தது. அந்த இரவு மூன்று முறை எஞ்சின் நின்றது. அசையாத தொட்டியில் கசடு அடியிலேயே கிடக்கும், கடலில் கிடக்காது.

வடிகட்டி இரண்டு, நடுவில் மாற்றுத் திருகு. ஒன்று அடைத்தால் மற்றதற்கு மாற்றலாம். உபரியாக வடிகட்டி ஆறு, இம்பெல்லர் (எஞ்சினைக் குளிர்விக்கும் பம்பின் ரப்பர்ச் சக்கரம்) இரண்டு, பெல்ட் இரண்டு, ஆயில். இம்பெல்லரை மாற்றுவதையும், டீசல் குழாயில் காற்றை வெளியேற்றுவதையும் படகில் வரும் ஒவ்வொருவரும் ஒரு முறை தன் கையால் செய்திருக்க வேண்டும்.

9. மின்சாரம்

பேட்டரியைப் பட்டை போட்டு அசையாமல் கட்டுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ்.

பிறகு ஒரு நாள் செலவைக் கணக்கிடுங்கள். தானியங்கிச் சுக்கான் 4 ஆம்பியர், 24 மணி நேரம்: 96. கருவிகளும், சுற்றிலும் உள்ள கப்பல்களைத் திரையில் காட்டும் ஏ.ஐ.எஸ்.ஸும் ஒன்றரை ஆம்பியர்: 36. வானொலி அரை ஆம்பியர்: 12. இரவு விளக்கு 6. கைபேசி, டார்ச் 10. மொத்தம் 160 ஆம்பியர்-மணி. பாயின் நிழல் விழுகிற 200 வாட் சோலார் தகடு இதில் பாதியைக் கூடத் தராது.

அதாவது, பெரிய செலவே சுக்கான்தான். காற்றாலேயே திரும்புகிற காற்றுச் சுக்கான் வைத்தால் கணக்கில் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அது முடியாவிட்டால் மூன்று பேரும் முறை வைத்துக் கையால் பிடிக்கத் தயாராகுங்கள்.

10. அபாய அழைப்பு

406 மெகாஹெர்ட்ஸ் அபாயக் கருவி, அதாவது இ.பி.ஐ.ஆர்.பி., கட்டாயம். அதைப் பெங்களூருவில் இஸ்ரோ நடத்தும் மையத்தில் உங்கள் படகின் பெயரிலும் வீட்டுத் தொலைபேசி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத கருவி கத்தினால் யார் கத்துகிறார்கள் என்றே தெரியாது. கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554 என்பதை வீட்டில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துச் செயற்கைக்கோள் தொலைபேசி வாங்கிவிடாதீர்கள். துரையா, இரிடியம் கருவிகளை அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியோடு வாங்கக்கூடியதை மட்டும் வாங்குங்கள். அனுமதிக்கு நாளாகும் என்பதால் ஆகஸ்டிலேயே விண்ணப்பியுங்கள்.

உயிர்காப்பு மிதவையின் பரிசோதனைத் தேதியைப் பாருங்கள். ஆனால் அவசரப்பட்டு அதில் ஏறாதீர்கள். 1979 பாஸ்ட்நெட் பந்தயப் புயலில் 24 படகுகளை விட்டுவிட்டு ஆட்கள் வெளியேறினார்கள். அவற்றில் 19 பின்னர் மிதந்தபடியே மீட்கப்பட்டன. படகு மூழ்கும்வரை படகுதான் பாதுகாப்பு.

11. தண்ணீர், சாப்பாடு, மருந்து

ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், இரட்டிப்பு நாள் கணக்கு: மூன்று பேருக்கு 12 நாளுக்கு 144 லிட்டர். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு தனித்தனிக் கேன்களில் இருக்கட்டும். தொட்டியில் உப்பு ஏறினாலும் அது மிஞ்சும்.

சமைக்க பிரஷர் குக்கர். மூடி பூட்டிக்கொள்வதால் சாய்ந்தாலும் கொட்டாது. முதல் இரண்டு நாளுக்கு யாருக்கும் சமைக்கத் தெம்பு இருக்காது. புளிக்காய்ச்சல், அவல், சத்துமாவு, முந்தைய மே மாத வெயிலில் போட்ட வற்றல் போதும். அட்டைப் பெட்டியைப் படகில் ஏற்றாதீர்கள், கரப்பான் முட்டை அதோடு வரும். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் தேங்கும். சிலிண்டர் வெளிப்பெட்டியில், அடியில் கடலுக்கு வடிகாலோடு இருக்க வேண்டும்.

மருந்துக்கு உங்கள் மருத்துவரிடம் "ஆறு நாளைக்கு உதவி கிடைக்காத இடம்" என்று சொல்லிப் பட்டியல் வாங்குங்கள். வேலூர் ஐடா ஸ்கடர் சாலையில் அத்தனையும் ஒரே நாளில் கிடைத்துவிடும். குமட்டல் மாத்திரையைக் கிளம்புவதற்கு முந்தின இரவே தொடங்க வேண்டும். உங்களுக்கு அது எவ்வளவு தூக்கம் தரும் என்று வீட்டிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள்.

12. காகிதமும் வழியும்

படகின் பதிவுத்தாள், காப்பீடு, ஆட்கள் பட்டியல், துறைமுக அனுமதி எல்லாம் நீர் புகாத உறையில். சேரும் துறைமுகத்துக்கு முன்கூட்டியே தகவல். 2024 முதல் போர்ட் பிளேருக்கு அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம், படிவத்தில் கவனியுங்கள்.

போர்ட் பிளேர் தெற்கு அந்தமான் தீவின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. மேற்கிலிருந்து போகிறவர்கள் தெற்கே டங்கன் நீரிணை வழியாகச் சுற்ற வேண்டும். அந்த வழியில் வடக்கு சென்டினல் தீவு குறுக்கே கிடக்கிறது. அதைச் சுற்றி 5 கடல் மைலுக்குள் யாரும் போகக் கூடாது. திரையில் அந்த வட்டத்தை வரைந்து, காகித வரைபடத்திலும் பென்சிலால் போடுங்கள். களைத்துப்போன ஆறாம் நாள் இரவில்தான் அந்த இடம் வரும்.

13. முப்பத்தாறு மணி நேர ஒத்திகை

ஜனவரியில், அலை கொஞ்சம் இருக்கிற நாளாகப் பார்த்து, ஓர் இரவும் இரண்டு பகலும் வெளியே போய் வாருங்கள். மூன்று மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு என்று முறை வையுங்கள். இருட்டில் மூன்றாம் சுருக்கைப் போடுங்கள். பாயை எதிர்த்திசையில் கட்டிப் படகை நிறுத்தி வைக்கப் பழகுங்கள். கைப்பம்பை அரை மணி நேரம் அடியுங்கள்.

திரும்பியதும் உடைந்தது, கசிந்தது, காணாமல் போனது எல்லாம் நோட்டில். எங்கள் முதல் ஒத்திகையில் 23 வரிகள் வந்தன. அவை தீரும்வரை தேதி குறிக்கவில்லை.

14. கிளம்பும் நாளும் முதல் இரவும்

வானிலைத் துறையின் அறிக்கையையும் ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தருகிற அலை முன்னறிவிப்பையும் ஐந்து நாள் தொடர்ந்து பாருங்கள். தெற்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ஒரு வரி இருந்தாலும் அன்று கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

விடியற்காலையில் கிளம்புங்கள். இந்த வழியில் மிகவும் ஆபத்தானது முதல் 40 மைல்தான். சரக்குக் கப்பல்கள் ஏ.ஐ.எஸ். திரையில் தெரியும், மீன்பிடிப் படகுகள் பலவும் தெரியாது, வலைகள் தெரியவே தெரியாது. காசிமேட்டில் ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, விளக்கு வலையோட முனையிலதான் மினுக்கும். ரெண்டு விளக்குக்கு நடுவுல வழி இருக்குன்னு நெனைக்காத." அந்த இடத்தைப் பகலிலேயே தாண்டிவிட வேண்டும். கூர்மையான ரம்பக் கத்தியும் நீர்க்கண்ணாடியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஆறாவது மணி நேரத்தில் எல்லோரையும் எழுப்பி ஒரு சுற்றுப் பாருங்கள்: அடியில் தண்ணீர், வால்வுகள், டீசல் வடிகட்டிக் கிண்ணம், சுக்கான், கம்பி முனைகள், தோல் உறைகள், பேட்டரி அளவு. அப்போது கரை 30 மைலில் இருக்கும். நோட்டில் ஒரு வரி எழுத வேண்டி வந்து, அதை அங்கேயே சரிசெய்ய முடியாவிட்டால், படகைத் திருப்பி இரவைத் துறைமுகத்துக்கு வெளியே மிதந்து கழித்துவிட்டு, விடிந்ததும் உள்ளே வாருங்கள்.